பதினொன்றாம் எண் விண்ணப்பம்

ரிங்டால் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்கள் எல்லாம் முதலில் ஒரு கறுப்புப் பேனாவிடம்தான் மாட்டும். டெனிஸ் பெலாஞ்சர் என்கிற அலுவலர் உட்கார்ந்து, ஊர்ப் பெயர், குழுப் பெயர், ஆள் பெயர் எல்லாவற்றையும் பட்டை பட்டையாக அடித்துவிட்டு, மேலே ஒரு எண்ணை மட்டும் போடுவாள். நாடகக் குழுவா, ஊர் பேண்டா, சுவரில் படம் வரைகிறவர்களா என்பது தெரியும். யார் என்பது தெரியாது. பிறகு ஐந்து ஊர்களிலிருந்து ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்பார்கள். நான்கு கை உயர்ந்தால் பணம் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஜன்னல் தொழிற்சாலை வைத்துச் சம்பாதித்த கிழவர் ரிங்டால், உயிரோடு இருந்தவரை தனக்குத் தெரிந்த முகங்களுக்கே அள்ளிக் கொடுத்தார் என்று அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் இந்த மூலை முழுக்கப் பேச்சு. அதனால் அவர் மகள்கள் இப்படி ஒரு ஏற்பாடு செய்தார்கள்.

அந்த வருஷம் கூப்பிட்ட ஐந்து பேரில் ஆர்டிஸ் ஹாகனும் ஒருத்தி. எழுபத்திரண்டு வயது. நார்டன் லேக் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாட்டு டீச்சர். வேலையில் இருக்கும்போதே ஊரில் ஒரு சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, இன்றுவரை அதன் முன்னால் நின்று கையசைத்து நடத்துகிறவள் அவள்தான். வியாழக்கிழமை மதியம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நாற்பது பேர் அவள் கையைப் பார்த்து, மூச்சை இழுத்து, ஒரே குரலாக ஆரம்பிக்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, புருஷன் போன பிறகு அவள் அதற்காகத்தான் மற்ற ஆறு நாளும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதை அவளே நாலு பேரிடம் வெட்கமில்லாமல் சொல்லியிருக்கிறாள்.

அழைப்பு வந்ததும் அவள் அந்த வியாழக்கிழமையே குழுவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"நான் அந்த மேஜையில உட்காரப் போறேன். அதனால இந்த வருஷம் நாம விண்ணப்பம் போடக் கூடாது. ஆர்டிஸ் தன் வீட்டுக்கே அள்ளிக்கிட்டுப் போயிட்டாள்னு ஒரு வாய் பேசக் கூடாது. என்ன, புரிஞ்சுதா?"

நாற்பது தலைகளும் ஆடின. பியானோவில் உட்கார்ந்திருந்த லவான் ஸ்டெனரட்டின் தலையும் ஆடியது. லவான் அவளுக்கு நாற்பது வருஷத் தோழி. எங்கள் பக்கத்து ஆட்களின் தலை எப்போதுமே ஆடும். அதை நம்பி ஒரு காரியமும் செய்யக்கூடாது என்பது இந்த வயதில் ஆர்டிஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் "வித்தியாசமா இருக்கு" என்போம். பக்கத்து வீட்டுக்காரன் நம் வேலியை இடித்துவிட்டால் அவனுக்கு கேக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வேலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வருவோம். முகத்துக்கு நேரே ஒன்றைச் சொல்வது எங்களுக்கு உயிர் போகிற விஷயம்.

விண்ணப்பங்கள் தபாலில் வந்தன. மொத்தம் இருபத்து மூன்று. இரண்டு வாரம் சமையலறை மேஜையில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பாதிக்கு மேல் ஒரே பாட்டு: சமூகத்தை இணைப்போம், இளைஞர்களை ஊக்குவிப்போம், எல்லாரையும் அரவணைப்போம். டீச்சர் அல்லவா, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் "எப்படி?" என்று எழுதிக்கொண்டே வந்தாள். பதினொன்றாம் எண்ணுக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்களுடையது சுமார் நாற்பது பேர் பாடும் குழு," என்று அது தொடங்கியது. "இதைத் தொடங்கி நடத்துகிறவரால்தான் எங்களில் பலருக்குப் பாடவே தெரியும். நான்கைந்து வருஷமாக அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. அது அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மனமில்லை. நாங்கள் சுருதி விலகினால் சிரித்த முகமாக இருக்கிறார். சரியாகப் பாடினால் நிறுத்தச் சொல்கிறார். அதனால் நாங்கள் இப்போது அவர் கையைப் பார்ப்பதில்லை. பியானோ வாசிப்பவரின் இடது தோளைப் பார்க்கிறோம். தோள் இறங்கும்போது தொடங்குகிறோம். அவருக்கு இது தெரியாது."

கேட்டது பெரிய தொகை இல்லை. ஒரு வருஷத்துக்கு இளையவர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும், அவ்வளவுதான். கடைசி வரி இப்படி இருந்தது: "அறக்கட்டளையின் ஏற்பாடாக வெளியிலிருந்து ஒருவர் வந்தால் அவருக்கு மனம் நோகாது. அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை."

ஆர்டிஸ் சிரித்த சிரிப்பில் காபி மேஜையில் சிந்தியது. படித்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது வெல்ச்சர் ஊர்க் குழு. அதை நடத்துகிற கிளிஃபர்ட் நைகார்டுக்கு எழுபத்தெட்டு வயது. அவனுக்கும் நாற்பது பேர், அவனும் தொடங்கிய நாளிலிருந்து இடத்தை விடாமல் உட்கார்ந்திருக்கிறான். போன வசந்த விழாவில், அவள் குழு பாடி முடித்து இறங்கியதும் பக்கத்தில் வந்து, "உன் பொம்பளைங்க கீழ்க்குரல் கொஞ்சம் இறங்கிடுச்சே ஆர்டிஸ், கவனிக்கலையா?" என்று கேட்டவன். அந்த நிமிஷம் அவன் கையில் இருந்த எலுமிச்சைச் சாற்றைப் பிடுங்கி அவன் தலையில் கொட்டலாமா என்று அவளுக்குத் தோன்றியது. காது கேட்காதவன் வந்து எனக்குச் சுருதி சொல்கிறானே என்று இப்போது நினைத்து, மறுபடியும் சிரித்தாள். ஓரத்தில் சிவப்பில் "கட்டாயம்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

கூட்டம் நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை. அறக்கட்டளை அலுவலகத்தில் நீள மேஜை, பெரிய காபிக் குடம், தட்டு நிறைய எலுமிச்சைக் கேக் துண்டுகள். வந்தவர்கள் தங்கள் ஊரையும், எந்தெந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதையும் சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். விண்ணப்பம் போட்டவர்களின் பட்டியலோடு அந்தப் பெயர்களை ஒத்துப்பார்த்த டெனிஸ், ஒன்றும் இடிக்கவில்லை என்று தலையாட்டினாள்.

ஆர்டிஸுக்கு எதிரே மாய் யா வாங் உட்கார்ந்தாள். லாவோஸிலிருந்து குடியேறிய மோங் இனத்துப் பெண் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிற முப்பது வயதுக்காரி. அவளுக்குப் பக்கத்தில் ஓர்வில் டெஸ்மர், மாட்டுப் பண்ணைக்காரர். குளிர்காலத்தில் வைக்கோல் கொட்டகையில் நாடகம் போடுகிறவர். மற்ற இருவரில் ஒருத்தி நூலகர், ஒருவர் தபால்காரர். வந்த பத்தாவது நிமிஷத்திலேயே ஓர்வில் ஆர்டிஸை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா மாய் யா, கொஞ்சம் வாயத் தொறந்து பேசேன். உனக்குள்ளயே பேசிக்கிறியே," என்றாள் ஆர்டிஸ்.

"சாரி ஆர்டிஸ்," என்று மாய் யா குரலைத் தூக்கினாள்.

"இப்ப உள்ள பசங்க எல்லாருமே இப்படித்தான். பள்ளிக்கூடத்துல சத்தமாப் பேசச் சொல்லிக் கொடுக்கிறதே இல்ல."

ஓர்வில் தன் காபியைப் பார்த்துக்கொண்டார். நூலகர் ஜன்னலைப் பார்த்தாள்.

பத்து விண்ணப்பங்கள் சண்டை சச்சரவில்லாமல் போயின. பதினொன்றுக்கு டெனிஸ் கை கேட்டபோது இரண்டுதான் உயர்ந்தன, ஆர்டிஸுடையதும் மாய் யாவுடையதும்.

"எனக்கு இது சரியாப் படலை," என்றார் ஓர்வில். "மேடை போட, திரை தைக்க, பாட்டுப் புத்தகம் வாங்கப் பணம் கேட்டாக் கொடுக்கலாம். ஒரு ஆளை வெளியே தள்ளறதுக்கா கொடுப்பாங்க? பாவம், அவர் கட்டின வீடு அது. நானும் ஒரு நாளைக்கு வசனம் மறந்து நிப்பேன். அப்ப என் ஆளுங்க இப்படி முதுகுக்குப் பின்னால எழுதிப் போட்டா, செத்துருவேன்."

"வசனம் மறந்தா பின்னாலேருந்து எடுத்துக் கொடுப்பாங்க ஓர்வில். சுருதியை யார் எடுத்துக் கொடுக்கிறது?" ஆர்டிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முப்பது வருஷம் இதே வேலையாக் கிடந்தவ சொல்றேன், கேட்டுக்குங்க. முன்னால நிக்கிற ஆளுக்குக் காது போச்சுன்னா, அங்க நிக்க அவருக்கு ஒரு பாத்தியதையும் இல்ல. தொடங்கினவர்னா என்ன? குழு அவர் வீட்டுச் சோபாவா, சாகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க? நாற்பது பேரும் அவருக்காக நாலு வருஷமா நடிச்சுக்கிட்டு இருக்காங்க. அதுல எனக்கு யார் மேல கோபம்னா, அந்த நாற்பது பேர் மேலதான். கோழைங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், காபி குடிக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து, 'இந்த மாதிரி ஆயிடுச்சு, போதும், இறங்கு'ன்னு சொல்லியிருந்தா, அந்த மனுஷன் நாலு வருஷம் முட்டாளா நின்னிருக்க மாட்டார். நானா இருந்தா, அன்னிக்கே சொல்லணும்னு நினைப்பேன். சொல்லாம மறைச்சாங்கன்னாதான் எனக்கு அவமானம்."

"உங்களுக்கு ரொம்பத் தெரிஞ்ச ஆள் மாதிரிப் பேசறீங்களே டீச்சர்," என்றார் ஓர்வில்.

"யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? பேரைத்தான் அடிச்சாச்சே," என்று ஆர்டிஸ் நல்ல பிள்ளையாகச் சொன்னாள். அவள் மனசுக்குள் கிளிஃபர்ட் ஏற்கெனவே மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

டெனிஸ் மறுபடி கை கேட்டாள். நூலகர் யோசித்துத் தூக்கினாள், தபால்காரரும் தூக்கினார். நான்கு. ஓர்வில் மட்டும் கையை மேஜைமேல் வைத்தபடியே, "ஈரமில்லாத ஆளுங்கப்பா நீங்க," என்றார்.

மதியம் தாண்டி எல்லாம் முடிந்தது. தட்டில் கடைசியாக ஒரு கேக் துண்டு மிஞ்சியிருந்தது. கடைசித் துண்டை எடுக்கிற துணிச்சல் எங்கள் ஊர்களில் யாருக்கும் கிடையாது. தபால்காரர் அதைப் பாதியாக வெட்டி எடுத்தார், நூலகர் மிச்சத்தில் பாதி, ஓர்வில் அதிலும் பாதி. விரல் நகம் அளவுக்கு ஒன்று தட்டில் கிடந்தது. அப்போது டெனிஸ் பூட்டிய அலமாரியிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்து வந்து, தேர்வானவற்றை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தாள். இதுதான் அந்த நாளின் விருந்து. "ஓ, அவங்களா!" என்று சிரிப்பதும், "நான் நினைச்சேன்" என்பதுமாக மேஜை கலகலத்தது.

டெனிஸ் குனிந்தபடி பதினொன்றை வாசித்தாள். பாதியில் அவள் உதடு நின்றது.

கலகலப்பும் நின்றது. ஆர்டிஸ் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் பார்த்தாள். நூலகர் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். மாய் யாவின் கண் கலங்கியிருந்தது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"வெல்ச்சர்தானே?" என்றாள் ஆர்டிஸ் சிரித்துக்கொண்டே. "எனக்கு அப்பவே தெரியும். கிளிஃபர்டைத் தெரியாத ஆள் உண்டா?"

டெனிஸ் மறுபடி ஏதோ சொன்னாள். ஆர்டிஸ் தலையைச் சாய்த்து, "என்ன?" என்றாள். மூன்றாவது தடவை சொல்ல டெனிஸுக்கு மனம் வரவில்லை. தாளைத் திருப்பி மேஜைமேல் தள்ளிவிட்டாள்.

பதினொன்று என்று போட்டு, டிரினிட்டி லூத்தரன் சர்ச், நார்டன் லேக் என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: நார்டன் லேக் சேர்ந்திசைக் குழுவின் சார்பாக. எழுதியவர் லவான் ஸ்டெனரட்.

ஆர்டிஸ் அதை இரண்டு முறை படித்தாள். முதல் முறை ஏதோ தாள் மாறிவிட்டது என்று நினைத்தாள். இரண்டாவது முறை லவானின் பெயர்மேல் விரலை வைத்துப் படித்தாள். விண்ணப்பம் வந்து சேர்ந்த தேதி முத்திரையாக அடித்திருந்தது. அவள் எழுந்து நின்று போடக் கூடாது என்று சொன்ன வியாழக்கிழமைக்கு மூன்று நாள் முந்தைய தேதி. அன்றைக்குத் தலையாட்டிய நாற்பது பேருக்கும் அது ஏற்கெனவே போய்விட்டது தெரியும். போட்டுவிட்டோம் என்று சொன்னால் எதற்குப் போட்டீர்கள் என்று அவள் கேட்பாளே, அதனால் தலையாட்டியிருக்கிறார்கள்.

"சர்ச் பேர்ல வந்ததால கீழே இருந்த சின்ன எழுத்தை நான் கவனிக்கலை," என்றாள் டெனிஸ். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையாக, உரக்க. "தப்பு என்னுது. ஆர்டிஸ், ரொம்ப ரொம்ப சாரி."

நாலு வருஷம் முட்டாளாக நின்றிருக்க மாட்டார். அவளே சொன்னது. அவள் குரலிலேயே அது மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

சம்பந்தப்பட்ட ஆள் கை தூக்கியிருந்தால் அந்த முடிவு செல்லாது. அவரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கை கேட்க வேண்டும். அப்போதும் நான்கு கை வேண்டும். வெளியே போகிறவர் போகும்போது ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. டெனிஸ் விதியைச் சொல்லி முடித்ததும் ஆர்டிஸ் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி ஒழுங்காக வைத்துவிட்டு வெளியே போனாள்.

நடையில் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தாள். கதவில் கண்ணாடி பதித்திருந்ததால் உள்ளே வாய்கள் அசைவது தெரிந்தது. மிச்சம் இருப்பது நான்கு பேர். ஓர்வில் கை தூக்கினால் பணம் உண்டு, புது ஆள் வருவான், அவள் இறங்க வேண்டும். ஓர்வில் தூக்காவிட்டால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். கொடுங்கள் என்று அரை மணி நேரம் தொண்டை வற்றப் பேசியவள், இப்போது கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு, தூக்காதே, ஓர்வில், தூக்காதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அவளே அதைக் கவனித்து அதிர்ந்துபோனாள். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

கதவு திறந்தது. டெனிஸ் முன்னால் வந்து நின்று, வாய் தெரியும்படி குனிந்து, "மூணு கைதான். கிடைக்கலை," என்றாள். "இங்க பேசினது இங்கேயே இருக்கணும் ஆர்டிஸ். சர்ச்சுக்கு இந்த மாசக் கடைசியில கடிதம் போகும். அதுக்கு முன்னால யார்கிட்டயும் சொல்லக் கூடாது. தெரியும்ல?"

"தெரியும்."

முதலில் வந்தது நிம்மதி. மூச்சு பெரிதாக வெளியே வந்தது. அதற்கு அடுத்த நொடி, அப்படி மூச்சு விட்டதற்காக அவளுக்கு உடம்பு கூசியது.

ஓர்வில் காபிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, பெஞ்சு ஒரு பக்கம் இறங்கியது.

"கவலைப்படாதீங்க டீச்சர். நான் இருக்கிற வரைக்கும் உங்களை யாரும் தள்ள முடியாது," என்றார். "யாருன்னு தெரியாதப்பவே தூக்கலை. தெரிஞ்சப்புறம் தூக்குவேனா?"

அவர் முகம் ஒரு நல்ல காரியம் செய்த மனிதரின் முகமாக இருந்தது. ஆர்டிஸ் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "நன்றி ஓர்வில்," என்றாள். கோழைகள் நாற்பது பேர் என்று கணக்குப் போட்டிருந்தாள். இதோ நாற்பத்தொன்று. பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டவளையும் சேர்த்தால் நாற்பத்திரண்டு.

வீட்டுக்கு ஐம்பது மைல். நெடுஞ்சாலையிலிருந்து நார்டன் லேக்குக்குத் திரும்பும் இடத்தில் இடது பக்க விளக்கைப் போட்டாள். பச்சை அம்பு கண்ணடித்தது. சத்தம் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு இந்த வண்டி வாங்கியபோது, புது வண்டிகளில் அந்த டிக் டிக் சத்தத்தை எடுத்துவிட்டார்கள், நல்லதாய்ப் போயிற்று என்று லவானிடம் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. லவான் அப்போது, "ஆமாம், நல்லதுதான்," என்றாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டே சொன்னாள்.

ஆர்டிஸ் வண்டியை ஓரம் கட்டினாள். கையுறையைக் கழற்றி, விளக்குப் போடும் குச்சியின் அடிப்பக்கம் விரலை வைத்துப் பார்த்தாள். டிக், டிக், டிக். விரலுக்குத் தெரிந்தது. பின்னால் வந்த லாரி ஒன்று விளக்கடித்துக் கடந்து போகிற வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆறு நாள் அவள் லவானின் போனை எடுக்கவில்லை. காதுக்கு வைத்தியம் உண்டு, மெஷின் உண்டு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? எல்லாம் தெரியும். வீட்டு அலமாரியில், மகன் இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வாங்கிக் கொடுத்த சின்னப் பெட்டி பிரிக்காமலே இருந்தது. அது கிழவிகளுக்கு என்று சொல்லித் தூக்கி வைத்தாள். இப்போது பிரித்து மாட்டிப் பார்த்தாள். குளிர்பெட்டி உறுமியது, தன் செருப்பே தரையில் சரசரத்தது. மாட்டிக்கொண்டே பியானோவில் ஒரு சுரத்தை அழுத்தினாள். அவள் மனதில் இருந்த சுரமாக அது இல்லை. தகரத்தைத் தட்டியது போல வேறெங்கோ போய் நின்றது. கேட்பது திரும்பி வரலாம். எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்கிற அந்த ஞானம் திரும்பி வராது. முப்பது வருஷப் பாட்டு டீச்சருக்கு இதை ஒரு டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

ஆனாலும் மனசின் ஒரு மூலையில் ஒரு சபலம் ஒட்டிக்கொண்டிருந்தது. லவான் மிகைப்படுத்தி எழுதியிருக்கலாம். பணம் கேட்கிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். தோளைப் பார்க்கிறோமாம், தோளை. நாற்பது பேரும் என்னைத்தானே பார்க்கிறார்கள், நான்தான் வாரா வாரம் அந்தக் கண்களைப் பார்க்கிறேனே என்று தனக்குத்தானே வாதாடினாள்.

வியாழக்கிழமை மெஷினைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள். கீழ்த்தளத்தில் வழக்கம்போல நாற்காலிகள் வரிசையாக இருந்தன. காபி தயாராக இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

"ஏய், எத்தனை தடவை போன் பண்ணினேன், எங்கடி போயிட்ட?" என்று லவான் பியானோவிலிருந்தே கேட்டாள். ஆர்டிஸ் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். எத்தனை காலமாக இப்படி உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"அப்புறம் பேசிக்கலாம்டி. முதல்ல பாடிடலாம். கிறிஸ்துமஸ் பாட்டு, முதல்லேருந்து."

தாள்கள் புரண்டன. நாற்பது பேரும் நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்தார்கள். ஆர்டிஸ் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

தூக்கியபடியே நின்றாள். அசைக்கவில்லை. ஒரு விரலைக்கூட அசைக்காமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு, அந்த நாற்பது ஜோடிக் கண்களைப் பார்த்தாள். நான் அசைக்காதவரை நீங்கள் தொடங்க மாட்டீர்கள், எங்கே, தொடங்காமல் இருங்கள் பார்ப்போம் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

கண்கள் மெதுவாக, மரியாதையாக, ஒரு அரை அங்குலம் இடது பக்கம் நகர்ந்தன. நாற்பது பேரின் கண்களும். லவானின் தோள் ஏறி, இறங்கியது. நாற்பது வாய்களும் ஒரே சமயத்தில் திறந்தன.

நன்றாகத்தான் பாடினார்கள். அதை அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவள் கை இரண்டும் காற்றில் நின்றுகொண்டிருந்தன, அது யாருக்கும் எந்தத் தடங்கலும் செய்யவில்லை. தாளில் படித்தபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கைகளைக் கீழே இறக்கினாள். மூன்றாவது வரிசையில் யாரோ முதலில் கவனித்து நிறுத்தினார்கள், பிறகு பக்கத்தில் இருந்தவர், பிறகு எல்லாரும். கடைசியாக லவானின் விரல்கள் நின்றன. அவள் திரும்பிப் பார்த்தாள். ஆர்டிஸின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கன்னம் இரண்டும் வெளுத்தன.

"ஆர்டிஸ்," என்றாள். "நான் உங்கிட்ட…"

"எதுக்கு நிறுத்தினீங்க? நல்லாத்தானே போச்சு," என்றாள் ஆர்டிஸ்.

பைக்குள்ளிருந்து அந்தச் சின்ன மெஷினை எடுத்து, இரண்டு காதிலும் மாட்டினாள். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, முன்னால் இருந்த தன் இடத்தை விட்டு நடந்து, கீழ்க்குரல் பாடும் பெண்களின் வரிசையில் ஓரமாகக் காலியாக இருந்த நாற்காலிக்குப் போனாள். பக்கத்தில் இருந்தவள் அழுதுகொண்டே நகர்ந்து இடம் விட்டாள். ஆர்டிஸ் புத்தகத்தைத் திறந்து, மற்றவர்களைப் போல நிமிர்ந்து நின்று, பியானோவைப் பார்த்தாள்.

"லவான், தோளை இன்னும் கொஞ்சம் மேல தூக்குடி," என்றாள். "இங்கேருந்து பார்த்தா எனக்குச் சரியாத் தெரியலை."